750 வழித்தடப் பஸ்களில் செயலி வழி ரிக்கெற்றைப் பரீட்சித்துப் பார்க்கக் கோரும் மனு

தலைவர் அவர்கள்,
வடக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை.

பிரதி: இலங்கை போக்குவரத்துச் சபை (இ.போ.ச.), வடபிராந்திய அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

யாழ்ப்பாணம் – பருத்தித்துறை 750 பஸ்ஸில் வேலைக்கும் படிப்புக்கும் வந்துபோகும் பயணிகள் நாங்கள். மேல் மாகாணத்தில் 2025 ஒக்டோபரில் இருந்து தனியார் பஸ்களில் ரிக்கெற் கட்டாயமாகிவிட்டது. அதே ஆண்டு தெற்கில் வங்கி அட்டையால் பஸ் கட்டணம் செலுத்தும் முறையும் தொடங்கியது. கைபேசியில் ரிக்கெற் எடுக்கும் காலம் இங்கும் வரத்தான் போகிறது. வரட்டும், எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் அதைச் செய்பவர்கள் முதலில் எங்கள் பஸ்ஸில் ஏறிப் பார்த்துவிட்டுச் செய்யவேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

டிசைன் திங்கிங், அதாவது வடிவமைப்புச் சிந்தனை, என்று பல்கலைக்கழகங்களில் படிப்பிப்பது இதைத்தான். பாவிக்கப்போகிறவரோடு இருந்து கவனித்து, உண்மையான பிரச்சினை எதுவென்று கண்டுகொண்டு, மலிவாக ஒரு மாதிரியைச் செய்து, பாவிக்கக் கொடுத்துத் திருத்துவது. தையல்காரர் அளவெடுத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, பிறகு தையலை முடிப்பதுபோலத்தான்.

காலை ஏழு மணி பஸ்ஸில் நடத்துனரைப் பாருங்கள். ஒரு கை மேல்கம்பியில். மற்றக் கைவிரல்களுக்கிடையில் நீளவாக்கில் மடித்த தாள்கள். "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்றபடியே, கோப்பாயில் ஏறியவர் யார், நெல்லியடியில் இறங்கவேண்டியவர் யார் என்று மனதுக்குள் கணக்கு வைத்திருப்பார். இரண்டு கையாலும் பிடிக்கவேண்டிய கருவியை அவரிடம் கொடுத்தால் அடுத்த கிழமையே அது சாரதிக்குப் பக்கத்தில் ஒரு மூலைக்குப் போய்விடும். வல்லை வெளியில் சிக்னல் விட்டுப்போனாலும் ரிக்கெற்றைச் சரிபார்க்க முடியவேண்டும். இதையெல்லாம் நடத்துனரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

பயணிகளுக்கு முதல் தலையிடி சில்லறை. 2024இல் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாவிலிருந்து 28 ஆகி, பிறகு 27 ஆனது. நல்ல விடயம்தான். ஆனால் 30 ரூபா கொடுத்தவருக்கு அந்த மூன்று ரூபா கைக்கு வந்தால்தானே குறைப்பு? நடத்துனரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவரிடமும் குற்றி இல்லை. செயலியால் உடனே தீரக்கூடியது இதுதான்.

அப்புறம் மாணவர் பிரச்சினை. இ.போ.ச. பருவச்சீட்டு தனியார் பஸ்ஸில் செல்லாது. சீட்டுக் கையில் இருக்கப் பிள்ளைகள் தனியார் மினிபஸ்களைப் போகவிட்டுவிட்டு வெயிலில் நிற்கிறார்கள். சென்னையில் 2025 செப்டெம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் மாநகரப் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் ரிக்கெற் எடுக்கலாம். அங்கே அத்தனை நிர்வாகங்கள் சேர முடிந்தால், ஒரே வீதியில் ஓடும் இ.போ.ச.வும் தனியாரும் ஒரு பருவச்சீட்டுக்காகச் சேர முடியாதா? வருமானத்தைப் பிரிப்பதில்தான் இழுபறி வரும் என்று தெரியும். எந்தச் சீட்டு எந்தப் பஸ்ஸில் பாவிக்கப்பட்டது என்பது செயலியில் பதிவாகும் என்பதால், அந்தப் பேச்சுக்கும் அதுவே கணக்கைத் தரும்.

ஆனால் காசு வாங்குவதை நிறுத்திவிடாதீர்கள். போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு விடியவே வரும் ஆச்சிமாரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, சிலரிடம் அதுவும் இல்லை. எங்கள் சொந்தக்காரர் நிறைந்திருக்கும் லண்டனில்கூட, 2003இல் பயணக் கட்டணம் செலுத்தும் ஒயிஸ்டர் அட்டை வந்தும் பஸ்களில் காசு வாங்குவதை 2014இல்தான் நிறுத்தினார்கள்.

ஆகவே, கேள்வி (டெண்டர்) அறிவித்தல் போடுவதற்கு முன்னரே, 750 வழித்தடத்தில் மட்டும் ஒரு சிறிய பரீட்சார்த்தத்தை நடத்துமாறு வேண்டுகிறோம். முதலில் செயலியே வேண்டாம். திரைகளைக் கடதாசியில் கீறி, மத்திய பஸ் நிலையத்தில் பயணிகளிடமும் நடத்துனர்களிடமும் காட்டினால் போதும். தரிப்பிடங்களின் பெயர்களைப் பதிவேட்டில் உள்ளபடி மட்டும் போடாமல், சனம் சொல்லும் கோயிலடி, பள்ளிக்கூடத்தடியையும் சேர்த்துப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துத் திருத்திய பிறகு, சில இ.போ.ச. பஸ்களிலும் சில தனியார் பஸ்களிலும் ஓடவிடலாம். நடத்துனர் சங்கத்தினரும் மாணவரும் முதியவரும் அந்தக் குழுவில் இருக்கவேண்டும்.

இதற்கு ஒரு கலந்துரையாடலுக்குத் திகதி தந்தால் வரத் தயாராக இருக்கிறோம். வார நாளென்றால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வசதி.

இப்படிக்கு,
750 வழித்தடப் பயணிகள்