ஓட்டுநரில்லா வாகனக் கட்டுரைகளை எடைபோடக் கற்றுக்கொடுக்கும் தமிழாசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு விவாதப் பயிற்சி அளிக்கும் தொண்டூழியராக இம்மடலை எழுதுகிறேன். ஓட்டுநரில்லா வாகனங்களை ஆதரித்து ஒன்றும் எதிர்த்து ஒன்றுமாக இரு கட்டுரைகளைக் கொடுத்து, எது தங்களை இணங்க வைக்கிறது என்று கேட்டால், மாணவர்கள் பெரும்பாலும் புள்ளிவிவரம் உள்ள கட்டுரையையே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் புள்ளிவிவரம் எதை அளந்தது என்று அவர்கள் கேட்பதில்லை என்பதே என் கவலை.

விபத்துகளில் 94 விழுக்காட்டுக்கு மனிதத் தவறே காரணம் என்பது ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துவைக்கும் சான்று. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2015இல் வெளியிட்ட சுருக்க அறிக்கையில் அந்த எண் உண்டு. ஆனால் அது விபத்துக்கு முந்திய நிகழ்வுத் தொடரின் கடைசிக் கண்ணியை ஓட்டுநருடன் இணைத்ததே தவிர, அதையே விபத்தின் காரணமாகக் கொள்ளக்கூடாது என்று அதே அறிக்கை சொல்கிறது. அதோடு, மனிதர் செய்யாத புதுவகைத் தவறுகளை இயந்திரம் செய்யக்கூடும் என்பதற்கு அந்த எண்ணில் இடமே இல்லை.

எதிர்ப்பாளர்களோ 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண் ஒருவர் ஊபரின் சோதனை வாகனம் மோதி இறந்ததைச் சொல்வார்கள். இதை வெறும் உணர்ச்சித் தூண்டல் என்று மாணவர்கள் ஒதுக்குவது எனக்கு வருத்தமளிக்கிறது. மோதுவதற்கு 5.6 வினாடிகளுக்கு முன்பே வாகனம் அவரைக் கண்டறிந்தும், அவரை வாகனம் என்றும் சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டிருந்ததை அதிகாரபூர்வ விசாரணை பதிவு செய்துள்ளது. கடப்பிடம் இல்லாத இடத்திலும் பாதசாரி குறுக்கே வரலாம் என்று அம்மென்பொருள் கருதவே இல்லை. ஆனால், தேவைப்பட்டால் வாகனத்தைக் கட்டுப்படுத்துவதற்காக இருக்கையிலிருந்த பாதுகாப்பு ஓட்டுநர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததை மறைக்கும் கட்டுரை தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்கிறது. தனக்குப் பாதகமான உண்மையையும் சொல்லிவிட்டு வாதத்தைத் தொடரும் எழுத்தாளரையே நான் அதிகம் நம்புவேன்.

நம் சிங்கப்பூர்ச் சான்றுகளுக்கும் இதே சோதனை தேவை. வடகிழக்கு ரயில் தடம் 2003 முதல் ஓட்டுநரின்றி ஓடுகிறது என்பது மறுக்க முடியாத உண்மை. ஆயினும் சைக்கிளோட்டியோ ஓடிவரும் குழந்தையோ நுழைய முடியாத தண்டவாளத்தில் கிடைத்த வெற்றியைப் பொங்கோல் வட்டாரத்தின் சாலைகளுக்கு அப்படியே பொருத்த இயலாது. பேருந்து ஓட்டுநர் பற்றாக்குறையை ஓட்டுநரில்லா வாகனங்கள் ஈடுசெய்யும் என்ற வாதம் இதைவிட வலுவானது என்பது என் கருத்து. அதற்கு எதிரே வைக்கப்படும், ஓட்டுநர்களின் வாழ்வாதாரம் பறிபோகும் என்ற வாதமும், டாக்சி ஓட்டும் உரிமம் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டுமே தரப்படுகிறது என்பதைச் சுட்டினால், பொதுப்படையான இரக்கத்தைத் தாண்டி உறுதிபெறும்.

எனவே மதிப்பெண் வழங்கும்போது, எந்தப் பக்கம் வென்றது என்ற முடிவுக்குக் குறைவாகவும், ஒவ்வொரு சான்றும் எங்கிருந்து வந்தது, எந்த எல்லைவரை செல்லும் என்று மாணவர் ஆராய்ந்ததற்கு அதிகமாகவும் அளிக்குமாறு உங்களை அன்புடன் வேண்டுகிறேன். அடுத்த பயிற்சித்தாளில் அந்த 94 விழுக்காட்டையும் அதை வெளியிட்ட அறிக்கையின் எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
விவாதப் பயிற்சித் தொண்டூழியர் ஒருவர்