மேற்பார்வை காரணமாக விடுபட்ட பெயர்

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுப்போருக்கு,

வணக்கம். போன மாதம் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் இப்படி ஒரு வரி: "மேற்பார்வை காரணமாகத் தங்கள் பெயர் பட்டியலில் விடுபட்டுள்ளது." மேற்பார்வை பார்த்தும் விட்டுப்போனதா, பார்த்ததால்தான் விட்டுப்போனதா? கூடவே இருந்த ஆங்கிலப் பிரதியைப் புரட்டியதும்தான் விளங்கியது. 'ட்யூ டு ஓவர்சைட்.'

எழுதியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என்னிடம் இருக்கும் அகராதியில் 'ஓவர்சைட்' என்ற சொல்லுக்கு 'மேற்பார்வை; கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறது. ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு பொருள்களுக்கு நடுவே ஓர் அரைப்புள்ளி மட்டும். அவசரத்தில் இருப்பவர் முதலில் கண்ணில் படுவதைத்தானே எடுப்பார்?

இரண்டையும் தனித்தனி எண் கொடுத்துப் பிரியுங்கள். பக்கத்தில் உதாரணமும் வேண்டும். சொல்லுக்குப் பின்னால் 'ஆஃப்', 'கமிட்டி', 'போர்டு' வந்தால் பெரும்பாலும் கண்காணிப்பு. டிரம்ப்பின் கணக்கை முடக்கியது சரி என்று 2021 மே மாதம் ஃபேஸ்புக்கின் 'ஓவர்சைட் போர்டு' சொன்னதே, அது இந்த வகை. முன்னால் 'ஆன்' (an), 'ட்யூ டு', 'பை' வந்தால் அநேகமாகத் தவறுதல். வினைச்சொல்லில் இந்தக் குழப்பம் இல்லை: 'ஓவர்சீ' என்றால் கவனித்துக்கொள்வது, 'ஓவர்லுக்' என்றால் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது. இரண்டுக்கும் பெயர்ச்சொல் தேடும்போதுதான் சிக்கல்.

'கவனக்குறைவு' என்பதிலும் எனக்கு உறுத்தல் உண்டு. அதில் அலட்சியம் என்ற குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிலர் எழுதும் 'கண்டுகொள்ளாமை' இன்னும் மோசம். அது வேண்டுமென்றே விடுவது. 'கவனப்பிசகு' பொருந்தும். கடிதமென்றால் 'கண்ணில் படாமல் விடுபட்டுவிட்டது' என்றே எழுதலாமே.

மேற்பார்வைக்கு நம்மிடம் சொல் பஞ்சமே இல்லை. கண்காணி என்ற சொல்தான் கங்காணியாகி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் போய், அங்கிருந்து ஆங்கில அகராதிக்குள்ளும் ஏறியது. அந்தக் கங்காணிக்கு இரண்டாவது பொருள் எதுவும் கிடையாது.

அப்புறம், 'சாங்ஷன்' என்பதையும் ஒரு தடவை பாருங்கள். லோன் சாங்ஷன் ஆனால் அனுமதி. ஒரு நாட்டின் மீது சாங்ஷன் போட்டால் தடை.

திருத்திய பட்டியல் நேற்று வந்தது. பெயர் இருக்கிறது, இனிஷியல் மாறியிருக்கிறது. அதற்கும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
விடுபட்டவரில் ஒருவன்