செக்கு ஓடட்டும், நான்கு பருவமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் பழைய கல்செக்கு உரல்கள் கண்மாய்க் கரையிலும் ஊர்ப் பொதுவிலும் பாதி புதைந்து கிடக்கின்றன. மரச்செக்குகள் கொல்லையில் கரையான் ஏறி நிற்கின்றன. அவற்றில் இரண்டையாவது எடுத்து நிறுத்தி, மாடு கட்டி ஆட்டும் காட்சிக்கூடம் ஒன்று இந்தக் கரையில் அமைய வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறோம். வேலி போட்டு, பலகை மாட்டி, பொங்கலுக்கு ஒருநாள் சுற்றிக் காட்டும் செக்கை நாங்கள் கேட்கவில்லை. வாரம் தவறாமல் ஆட வேண்டும். பார்க்க வருகிறவர்கள் ஒரே ஆண்டில் நான்கு முறை வர வேண்டும்.

ஆடாத மரச்செக்கு கெட்டுவிடும் என்பது முதல் காரணம். உரலும் உலக்கையும் வாகை, புளி போன்ற வைரம் பாய்ந்த மரத்தில் கடைந்தவை. எண்ணெய் ஊறிக்கொண்டிருக்கும் வரை அந்த மரத்தில் வெடிப்பு விழாது, பூச்சியும் அண்டாது. இரண்டு கோடை சும்மா நின்றால் உரலின் வாய் விளிம்பில் மயிரிழையாக வெடிப்பு தொடங்கும். மழையில் அதற்குள் தண்ணீர் இறங்கும், அடுத்த வெயிலில் விரல் நுழையும் அளவுக்குப் பிளக்கும். அதன்பின் மெழுகு அடைத்தாலும் மரத்தூள் அடைத்தாலும் பயனில்லை. ஆட்டும்போது அந்தப் பிளவு வழியாக எண்ணெய் கசிந்து மண்ணுக்குப் போய்விடும்.

நெதர்லாந்தில் இதை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். அங்கே சான்சே ஸ்கான்ஸ் என்ற இடத்தில் காற்றாலையால் வித்து அரைத்து எண்ணெய் எடுக்கும் பழைய ஆலை ஒன்றை இன்றும் ஓட்டுகிறார்கள். தொழில் பழகிய தன்னார்வலர்கள் 1972இலேயே சங்கம் வைத்தார்கள். காற்றாலை, நீராலை ஓட்டும் கைத்திறனை யுனெஸ்கோ 2017இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆலைக் கட்டடத்தோடு அதை ஓட்டத் தெரிந்த கையையும் காக்க வேண்டும் என்பதே அதன் பொருள். நம் ஊரில் உரல் மிஞ்சியிருக்கிறது, ஆட்டத் தெரிந்த கை குறைந்துகொண்டே வருகிறது.

செக்கின் அமைப்பைச் சொல்லிவிடுகிறோம். உரலின் அடிப்பாகம் மண்ணுக்குள் நிற்கும். உலக்கை அதற்குள் நேராக நிற்காமல் சாய்ந்து நிற்கும். உலக்கையின் தலையில் ஒரு வளைந்த கட்டை மாட்டியிருக்கும். அதிலிருந்து இறங்கும் கயிறு பாரப்பலகையைப் பிடித்திருக்கும். பாரப்பலகையின் ஒரு முனை உரலின் இடுப்பை உரசிக்கொண்டு சுற்றும், மறுமுனை நுகத்தடியோடு சேரும். பலகை மேல் கல்லை ஏற்றினால் அந்தப் பாரம் கயிறு வழியாக உலக்கைத் தலையை இழுத்து, அடிமுனையை உரல் சுவரோடு நசுக்கும். ஆகவே செக்கு குத்துவதில்லை, தேய்த்துப் பிழிகிறது. கயிற்றை நான்கு விரற்கடை இறுக்கினாலும் தளர்த்தினாலும் உலக்கையின் சாய்வு மாறும், எண்ணெய் இறங்கும் வேகமும் மாறும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நெம்புகோல் பாடத்தைக் காட்ட இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

இனிப் பருவங்களுக்கு வருகிறோம். முதலில் பார்க்க வேண்டியது சித்திரை, வைகாசி. நெல் அறுத்த ஈரத்தில் தை, மாசியில் விதைத்த எள் ஏறக்குறைய 85 நாளில் முற்றி அப்போது களத்துக்கு வரும். பனை ஏற்றம் நடக்கும் மாதங்களும் அவைதான், சாயல்குடிப் பக்கத்திலிருந்து புதுக் கருப்பட்டி வந்து இறங்கும். எள்ளும் கருப்பட்டியும் ஒரே வேளையில் புதிதாகக் கிடைப்பதால் நல்லெண்ணெய் ஆட்டுவதற்கு அதுவே முதல்தரமான காலம்.

10 கிலோ எள்ளை ஓர் ஆட்டு என்று வைத்துக்கொள்வோம். முதலில் கல், மண், தூசி போகப் புடைத்துச் சலிக்க வேண்டும். கடற்கரை எள்ளில் மணல் கட்டாயம் இருக்கும். அது உலக்கையின் அடியை அரத்தால் ராவியதுபோல் தின்றுவிடும், பிண்ணாக்கைத் தின்னும் மாட்டுக்கும் ஆகாது. பிறகு இரண்டு, மூன்று நாள் வெயிலில் காய வேண்டும். உரலில் கொட்டி, பாரம் ஏற்றாமலே கால்மணி நேரம் ஆட்டினால் எள் உடைந்து மாவாகும். எடுத்த எடுப்பிலேயே கல்லை ஏற்றினால் எள் உரலுக்கு வெளியே தெறிக்கும், இல்லையென்றால் உலக்கை இறுகி மாடு திணறும். மாவான பிறகு ஒரு கல், சிறிது நேரம் விட்டு இன்னொரு கல். மா சூடேறிக் களியாகத் திரளும்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். 10 கிலோவுக்கு மொத்தம் அரை முதல் முக்கால் லிட்டர் தேவைப்படும், அதையும் நான்கைந்து தடவையாகக் கையால்தான் தெளிக்க வேண்டும். தட்டிய கருப்பட்டியையும் அப்போதே சேர்ப்பார்கள், அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. ருசிக்காக மட்டும் அதைப் போடுவதில்லை. அதன் பிசுபிசுப்பு சக்கையைக் கட்டியாகப் பிடித்து உரல் சுவரில் ஒட்ட வைக்கிறது, எண்ணெய் தனியாக நடுவில் தேங்குகிறது.

தண்ணீர்தான் எல்லாத் தவறுக்கும் வாசல். அதிகமாகிவிட்டால் எண்ணெயும் நீரும் கலந்து பால்போல வெளுத்து நுரைக்கும், பிரியவே பிரியாது. அப்படி ஆனால் பாரத்தைக் குறைத்து, காய்ந்த எள் மாவை ஒன்றிரண்டு கை சேர்த்து மெதுவாக ஆட்டினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். குறைந்துவிட்டால் மா பொடியாகவே சுற்றிச் சூடேறும், கருகிய வாடை வரும், அந்த எண்ணெய் கசக்கும். சோதிப்பதற்கு எளிய வழி உண்டு. ஒரு கை மாவை எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறக்க வேண்டும். விரல் தடம் பதிந்து, உருண்டை உதிராமல், மேலே எண்ணெய் மினுக்கினால் பதம் சரி. பார்வையாளர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி கொடுத்து இதைச் செய்து பார்க்க விட வேண்டும் என்பது எங்கள் விருப்பம். எழுத்தில் எவ்வளவு சொன்னாலும் இந்தப் பதம் பிடிபடாது.

இரண்டு மணி நேரத்தில் 4 கிலோ அளவுக்கு எண்ணெய் கிடைக்கும். எள்ளில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். மீதி பிண்ணாக்கில் நின்றுவிடும், அதனால்தான் செக்குப் பிண்ணாக்கை மாடு விரும்பித் தின்கிறது. அடியில் துளை உள்ள உரலில் எண்ணெய் தானே இறங்கும். துளை இல்லாத உரலில் துணியை முக்கிப் பிழிந்து எடுப்பார்கள். பிண்ணாக்கைக் கடப்பாரையால் பெயர்க்கும்போது உரல் சுவரில் அடி படாமல் பார்க்க வேண்டும். எடுத்த எண்ணெயை இரண்டு, மூன்று நாள் வெயிலில் வைத்தால் மண்டி அடியில் தங்கும், மேலே உள்ளதை வடித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் அந்த 61 நாளில் காட்சிக்கூடம் புன்னை எண்ணெயையும் காட்ட வேண்டும். மரப்படகுப் பலகைக்குப் பூசவும், குங்கிலியத்தோடு குழைத்து இடுக்கு அடைக்கவும் எண்ணெய் வேண்டியிருந்த காலத்தில் கடலோரச் செக்குகளுக்கு இது முக்கியமான வேலை. இன்று ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. புன்னைப் பருப்பில் ஒரு நுட்பம் உண்டு. பச்சையாக உடைத்த வெள்ளைப் பருப்பில் எண்ணெய் அதிகம் வராது. ஓட்டை நீக்கி ஒன்றிரண்டு மாதம் காயவிட்டால் அது பழுப்பேறிப் பிசுபிசுக்கும், அப்போதுதான் ஆட்ட வேண்டும். ஆகவே தடைக்காலத்தில் ஆட்டுவதற்கு முந்தைய பருவத்திலேயே காய் பொறுக்கிவைக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புன்னை, வேம்பு, இலுப்பை ஆட்டிய மர உரலில் சமையல் எண்ணெய் ஆட்டக் கூடாது. எவ்வளவு கழுவினாலும் மரத்துக்குள் ஊறியது போகாது. காட்சிக்கூடத்துக்கு இரண்டு செக்கு கேட்பது இதனால்தான்: உண்ணும் எண்ணெய்க்கு ஒன்று, விளக்குக்கும் படகுக்கும் ஒன்று.

ஆனி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் மேல்காற்று வீசும். வேப்பம்பழமும் இலுப்பைப் பழமும் உதிரும் காலம். மணல் பறக்கும், உரல் வாயை ஆட்டாத நேரமெல்லாம் சாக்கால் மூடிக் கட்ட வேண்டும். காற்றில் மரம் சீக்கிரம் உலரும். வாரம் ஒருமுறை உரலின் வெளிப்புறத்துக்கும் பாரப்பலகைக்கும் எண்ணெய் தடவ வேண்டும். இலுப்பை எண்ணெய் சற்றுக் குளிர்ந்தாலே உறைந்துவிடும், பகல் வெப்பத்தில் ஆட்டி உடனே வடித்துவிட வேண்டும்.

புரட்டாசியில் செக்குக்கு ஓய்வே இருக்காது. தீபாவளி நல்லெண்ணெயையும் கார்த்திகை விளக்குக்கான எண்ணெயையும் மழை பிடிக்கும் முன் ஆட்டி முடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் ஆட்டுவதைக் குறைவாகவும் காப்பதை அதிகமாகவும் பார்ப்பார்கள். அதனால் யாரும் வராமல் இருந்துவிட வேண்டாம். ஈரம் என்ன செய்யும் என்பது அப்போதுதான் தெரியும். கருப்பட்டி கசிந்து இளகும். நிலக்கடலையிலும் பிண்ணாக்கிலும் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பிண்ணாக்கை மாட்டுக்குக் கொடுத்தால் நஞ்சு, கொஞ்சம்தானே என்று கலந்துவிடக் கூடாது. மாடு சுற்றும் பாதை சேறாகி வழுக்கும், மணலும் உமியும் கலந்து பரப்ப வேண்டும். கொட்டகை நான்கு புறமும் காற்றோட்டமாகவும், கூரை இறவாணம் பாதைக்கு வெளியே தண்ணீர் விழுமளவு நீண்டும் இருக்க வேண்டும்.

மார்கழி, தை, மாசி தேங்காய்க்கு உரியவை. உச்சிப்புளி, ரெகுநாதபுரம், பெரியபட்டினம் தோப்புகளின் காய் கொப்பரையாகிச் செக்குக்கு வரும். ஒரு கிலோ கொப்பரைக்கு ஏழெட்டுத் தேங்காய் வேண்டும். பகலில் காயவைத்து, பனி விழும் முன் மூடிவிட வேண்டும். ஈரம் நூற்றுக்கு 6 பங்குக்குள் இறங்கிய கொப்பரை ஒடித்தால் சட்டென்று முறியும். வளைந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள், அதை ஆட்டினால் எண்ணெய் கலங்கும், சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்குவதால் தை மாத விடிகாலையில் பாத்திரத்தில் வெள்ளையாகப் படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். கலப்படம் என்று சிலர் பயப்படுவார்கள், வெயில் ஏறியதும் தானே தெளிந்துவிடும்.

நடத்துகிறவர்கள் கவனிக்கச் சில. உப்புக்காற்றில் இரும்பு ஆணி ஒரு மழைக்காலம் தாங்காது, துருவும் செம்பும் எண்ணெயைச் சீக்கிரம் சிக்கு வாடையாக்கும். மர முளை, எவர்சில்வர் வாளி போதும். மாட்டைப் பொறுத்தவரை 1965ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகள் தெளிவாக இருக்கின்றன: இழுவை விலங்கை ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது, 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை கட்டவே கூடாது. காட்சிக்கூடத்துக்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை, கோடையில் காலை 6 முதல் 9 வரை ஓர் ஆட்டு, மாடு மாற்றி இன்னொன்று. எண்ணெயை விற்பதானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், அடைத்து முத்திரையிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கல்செக்கைப் பெயர்க்கிறவர்கள் முதலில் அதன் வாய் விளிம்பையும் புறத்தையும் தண்ணீர் விட்டு மெல்லத் துடைத்துப் பார்க்க வேண்டும். செக்கைச் செய்து கொடுத்தவர் பெயர் வெட்டிய உரல்கள் தமிழகத்தில் பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன. எழுத்து இருந்தால் சுண்ணாம்போ பெயின்டோ பூசாமல், உளியால் ஆழப்படுத்தாமல், தொல்லியல் துறைக்குத் தெரிவித்த பிறகே நகர்த்த வேண்டும். எழுத்து உள்ள உரலை ஆட்டக் கூடாது, ஆடும் செக்கின் பக்கத்தில் நிறுத்தினால் போதும்.

கட்டணம் வைப்பதானால் ஒரே சீட்டில் ஆண்டுக்கு நான்கு முறை வரும்படி வையுங்கள், சீட்டின் பின்புறம் நான்கு பருவத்துக்கும் கட்டம் போட்டு முத்திரை குத்துங்கள். பள்ளிகளும் சுற்றுலாவைத் தை மாதத்தில் மட்டும் வைக்காமல், ஒரு வகுப்பையாவது வைகாசி தவிர்த்து ஆடி, ஐப்பசி, தை என்று மூன்று முறை அழைத்து வரலாம். வைகாசி விடுமுறையில் பெற்றோர் கூட்டி வரட்டும்.

கொல்லையில் பழைய உலக்கையோ பாரப்பலகையோ வைத்திருப்பவர்கள் இந்த ஆண்டு அதை விறகுக்கு வெட்ட வேண்டாம். மண்ணில் படாமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, வேப்பெண்ணெய் ஒரு கை தடவி, நிழலில் வையுங்கள்.

இப்படிக்கு,
செக்குத் தொழில் அறிந்த வாசகர்கள்,
இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்கள்.