சஹானா முடிந்த பிறகு

மாட்டுங்கா,
ஞாயிறு இரவு

அன்புள்ள சரோ,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. முழங்கால் வலி, மாப்பிள்ளையின் வேலை மாற்றம், குளியலறைச் சுவரில் நீர்க்கசிவு என்று காரணம் அடுக்கலாம். வேண்டாம், மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நம் நாலரை மாமி மகனோடு புனேவுக்கே போய்விட்டாள். மணி நாலரை ஆனால் எனக்கு இன்னும் காது வாசற்கதவுப் பக்கம் போகிறது. உன் வீட்டு வாசலில் மழைத்தண்ணீர் தேங்குவது நின்றதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்று சாயங்காலம் பாப்பாவின் தனி வயலின் கச்சேரி. வந்து புடவை கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு சபாவில் வாசித்தாள். முடிந்ததும் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "ஸ்ருதி சுத்தம், கணக்கு சுத்தம். ஆனா குழந்தை யாருக்கோ பரீட்சை எழுதற மாதிரின்னா வாசிக்கறது" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரமே அந்தச் சபாக்காரர்கள் டிசம்பரில் தேதி தருகிறோம், ஆனால் மேடையில் அவளுக்கென்று ஒரு ஸ்டைல் வேண்டும் என்று சொல்லி ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பினார்கள். நல்ல பையன்தான். காபி குடித்துவிட்டு, கறுப்பில் நீளமாக ஒரு கோட்டு, நீல விளக்கு, கொஞ்சம் புகை, அப்புறம் நின்றுகொண்டே வாசிப்பது என்று வரிசையாகச் சொன்னான். அவன் போன பிறகு பாப்பா, "பாட்டி, நான் நின்னுண்டு வாசிக்கணுமா?" என்று கேட்டாளே ஒரு கேள்வி!

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்நாட்டார் தாடையில் இடுக்கிக்கொண்டு நின்று வாசிக்கிறார்கள், அவர்கள் சங்கீதத்துக்கு அது சரி. நாம் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, அடியை இடது தோளில், நெஞ்சோடு சாய்த்துக்கொள்கிறோம். இடது கை பாரம் சுமக்க வேண்டாம், அதனால்தான் அது தந்தி மேல் இஷ்டத்துக்கு மேலும் கீழும் வழுக்கிப் போகிறது. பதினைந்து வருஷம் அவள் பழகிய ஜாரு என்கிற வழுக்கல், கமகம் என்கிற அசைவு எல்லாம் அந்த உட்காருதலில் இருக்கிறது. டிசம்பருக்குள் நிற்கச் சொன்னால் எதை வாசிப்பாள்?

கோபம் வந்தது. ஆனால் கோபப்பட்டு என்ன பயன், அவள் கேட்ட கேள்வி நியாயமானது. இருபத்தொரு வயசு. 'ஸ்டைல்னா என்ன பாட்டி' என்றாள். நாதஸ்வரம் டி.என். ராஜரத்தினம் பிள்ளையைச் சொன்னேன். கிராப்பு, ஷெர்வானி, காதில் வைரம் என்று ராஜா மாதிரி மேடையேறினவர். எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். அந்த மனிதர் வாத்தியத்தையே மாற்றினார் என்பதைப் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். அதுவரை இருந்த திமிரி நாதஸ்வரம் குட்டை, ஸ்ருதி அதிகம். நரசிங்கம்பேட்டை ஆசாரியை வைத்து நீளமான பாரி நாதஸ்வரம் செய்ய வைத்து, சுத்த மத்யம ஸ்வரம் சுத்தமாகப் பேசும்படி பண்ணிக்கொண்டார். அவருடைய அந்தத் தோடி ராகம் வந்த பிறகு ஷெர்வானி அவர் உடம்பில் தானாக உட்கார்ந்தது. நம் வயலினிலேயே மைசூர் சௌடையா இல்லையா? மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்றுதான் நாலு தந்திக்குப் பதில் ஏழு தந்தி போட்டார். பார்த்தவர்களுக்கு அது விசித்திரம், அவருக்கு அது தேவை.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் புடவை நிறத்தை, அந்த எம்.எஸ். நீலத்தையும் சொன்னேன். தீ விபத்துக்கு முன்னால், பழைய ஷண்முகானந்தா ஹாலின் பால்கனியில் நீயும் நானும் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோமே, அந்த நீலம். காஞ்சிபுரம் முத்து செட்டியார் நெய்து தந்த நிறம். அவ்வளவு உயரத்திலிருந்து நமக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. அந்த நிறமும் மூக்குத்தி மின்னலும்தான் தெரிந்தது. நீ அழுதாய். நான் அழவில்லை என்று இத்தனை வருஷம் சொல்லி வந்தேன், நானும் அழுதேன்.

இப்போது முக்கியமானது. ஆகஸ்டு கச்சேரியின் வீடியோவைப் போட்டு, சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, நானும் அவளும் பார்த்தோம். ஒன்றே முக்கால் மணி நேரம். சரோ, காது மூடினால் கண் எவ்வளவு பார்க்கிறது! இரண்டு பாட்டுக்கு ஒரு தரம் இடது தோளில் முந்தானையை இழுத்துவிட்டுக் கொள்கிறாள். ஏன் என்று பார்த்தால், நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த கனத்த ஜரிகை முந்தானை. வயலின் சாய்கிற இடமும் அந்தத் தோள்தானே, பட்டு வழுக்க வயலின் வழுக்குகிறது, அவள் பயந்து தோளைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். நீளச் சங்கிலி மரத்தில் இடிக்கிறது. ரவிக்கை வலது அக்குளில் இறுக்கம், வில்லை நுனி வரை இழுக்க முடியவில்லை. தம்புரா காதில் விழாததால் முன்னால் குனிந்து குனிந்து தேடுகிறாள். ஒரு பாட்டு முடிகிற அதே நொடியில் தலையைத் திருப்பிப் தந்தியை முறுக்கும் பிரடையைப் பிடித்து ஸ்ருதி சேர்க்கிறாள். கைதட்டலுக்கு முகமே காட்டவில்லை. மிருதங்கக்காரர் இரண்டு தடவை அவளைப் பார்த்துச் சிரிக்கிறார், இவள் பார்க்கவே இல்லை.

முகம் கல். ஒன்றே முக்கால் மணி நேரமும் கல்.

அந்தக் கல்லை வைத்தது நான்தான் சரோ. அவளுக்குப் பன்னிரண்டு வயசிருக்கும். வாசிக்கும்போது கீழுதடு இடது பக்கம் கோணிக்கொண்டு போகும், காந்தார ஸ்வரம் வந்தால் புருவம் ஏறும். "என்னடி இது முகத்தை அஷ்டகோணலாக்கிண்டு" என்று திட்டினேன். நம் டீச்சர் செய்ததைப் போலவே எதிரில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தேன். ஒரு வருஷத்தில் உதடு நேராகிவிட்டது. நான் பெருமைப்பட்டேன். இப்போது வீடியோவில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. உதட்டோடு வேறு எதையெல்லாம் நிறுத்திவிட்டாளோ.

டீச்சர் செய்தது தப்பா? நீ என்ன நினைக்கிறாய்? நமக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. நீ தலையை ஆட்டுகிற ஆட்டில் தம்புரா சாய்ந்துவிடும். ஆனால் டீச்சர் ஒரு மாதத்தில் கண்ணாடியை எடுத்துவிட்டார். நான் எடுக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் காலை பால்கனியில் அவள் பாட்டுக்கு சஹானா ராகம் வாசித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவளுக்குத் தெரியாது. ஆலாபனை முடிந்தது. வில்லைத் தந்தியிலிருந்து எடுத்து, கீழே இறக்காமல், அப்படியே அந்தரத்தில் வைத்திருந்தாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. ஒலி முழுக்க அடங்கி, தம்புரா மட்டும் கேட்டது. அப்புறம்தான் கை இறங்கியது. எனக்குக் கத்தி நின்றுவிட்டது. இதுதான் அவளுடையது, யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மேடையில் ஒரு தரம் கூட இதைச் செய்ததில்லை.

சொல்லலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் நடிப்பாகிவிடுமோ என்று பயம். கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "பாட்டு முடிஞ்சா அவசரமா ஸ்ருதி பார்க்காதே. முடிஞ்சது உன் காதுக்கு முடியட்டும்." வில்லைப் பற்றிப் பேசவே இல்லை. கண்ணாடிக்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "எனக்கு ஞாபகமே இல்லை பாட்டி" என்றாள். பொய்.

மற்றதெல்லாம் கைவேலை. லேசான பருத்திப் புடவை, மெல்லிய கரை, பழுத்த மிளகாய்ச் சிவப்பு. பூ மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஒரு கடையில் அவளே பொறுக்கினாள். பொடிக்கோடு போட்டதைத் தொடாதே, கேமராவில் கண்ணைப் பறிக்கும் என்று மட்டும் சொன்னேன். ரவிக்கைக்கு வலது அக்குளில் ஒரு அங்குலம் தளர்த்தித் தைக்கச் சொன்னோம். மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது, ஒவ்வொரு தடவையும் தையற்கடையிலேயே வில்லை இழுத்துப் பார்த்தாள். வலது மணிக்கட்டில் வளையல் கிடையாது, மைக் அதைத்தான் முதலில் பிடிக்கும். தோளில் நாலாக மடித்த வேட்டித் துண்டு. மைக் வைக்கிறவரிடம் அவளே போய், எனக்கு முன்னால் வைக்கிற ஸ்பீக்கரில் தம்புராவைக் கூட்டுங்கள் என்று கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. கூச்சப்பட்டாள், ஆனால் கேட்டாள். பேச்சு மட்டும் கொஞ்சம் தகராறு. எழுதி மனப்பாடம் பண்ணப் பார்த்தாள், வாத்தியார் மாதிரி இருந்தது. ராகம் பேர், யார் பாட்டு, தனக்கு அதில் எந்த இடம் பிடிக்கும், இவ்வளவு போதும், உனக்கு வருகிற மும்பை ஹிந்தியிலும் ஒரு வரி சொல்லு, குஜராத்தி மாமிகள் பாதி பேர் வருகிறார்கள் என்றேன். அந்தப் பையனும் வந்து பார்த்துவிட்டு, புகை வேண்டாம், பின்திரையை வெறும் சாம்பல் நிறமாக விட்டால் இந்தச் சிவப்பு எடுக்கும் என்றான். அது நல்ல யோசனை. அவனை முதல் நாள் மனசுக்குள் திட்டியதற்கு வெட்கப்பட்டேன்.

இன்று நான் மூன்றாம் வரிசையில், ஓரமாக. வர்ணம், அதன்பின் ஒரு சின்ன கிருதி, சாதாரணமாகத்தான் போயிற்று. சஹானா எடுத்தாள். பாதியில் பார்க்கிறேன், கீழுதடு மெல்ல இடது பக்கம் கோணுகிறது. ஒன்பது வருஷத்துக்கு அப்புறம். எனக்கு மேலே எதுவும் கேட்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்தாள். வில் அந்தரத்தில் நின்றது. மிருதங்கக்காரரும் தொடையில் கையை வைத்தபடி அசையாமல் காத்திருந்தார். இருமல் கூட இல்லை. வில் இறங்கிய பிறகு அவள் நிமிர்ந்து சபையைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். அதன் பிறகுதான் கைதட்டல்.

ஸ்வரத்தில் ஒரு இடத்தில் தடுமாறினாள், எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும். ராகமாலிகை இன்னும் நீட்டியிருக்கலாம். அதையெல்லாம் நாளை சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்டுப் பெரியவர் வந்திருந்தார். பாப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

பிப்ரவரியில் செம்பூரில் மறுபடி வாசிக்கிறாள். மார்கழி முடிந்ததும் டிக்கெட் போடு, குளிர் இருக்காது, முழங்காலைக் காரணம் காட்டாதே, அது என்னுடையது. டீச்சர் கடைசியாக உன்னிடம் கொடுத்த அந்தக் கண்ணாடி இன்னும் பரணில்தானே இருக்கிறது? பாப்பா பார்க்க வேண்டும் என்கிறாள். ரசம் போயிருந்தாலும் பரவாயில்லை, புடவைக்கு நடுவில் சுற்றி எடுத்து வா.

உன்,
காமு