ரத்தக்கட்டி வெளியே வராதவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கவாதம் வந்தவருக்குத் தொடை வழியாகக் குழாய் செலுத்தி, மூளையில் அடைத்த ரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சை பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறேன். மறுநாளே நோயாளி கையசைக்கும் படமும் இருக்கும். சந்தோஷம்தான். என் கணவருக்கும் அதையே செய்தார்கள், கட்டி வெளியே வரவில்லை. மூளைக்குள் போகும் ரத்தக்குழாயே கொழுப்பு படிந்து சுருங்கியிருந்ததாம். திறக்கத் திறக்க மூடிக்கொண்டது. ஆசியர்களிடம் இது அதிகம் என்றார் டாக்டர். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

கணக்கு டீச்சராக இருந்தவள் நான், எண்களைத் தேடிப் படித்தேன். 2015-ல் இந்தச் சிகிச்சையை நிலைநாட்டிய ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ரத்த ஓட்டம் போதிய அளவு திரும்பியது சுமார் 10-க்கு 7 பேருக்கு. மூன்று மாதம் கழித்துத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டவர்கள் 46 சதவீதம். இந்தச் சிகிச்சை பெறாதவர்களில் அது 26.5 சதவீதம். ஆகவே செய்துகொள்வதே நல்லது. கருவிகளும் இப்போது தேறியிருக்கின்றன. ஆனால் மீதி மூன்று பேர்?

டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைச் சீட்டு தந்தார்கள், மூக்குக் குழாயில் கஞ்சி விடக் காட்டினார்கள், அவ்வளவுதான். செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கினால் தோள் மூட்டு இறங்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. இறங்கியது. ராத்திரியெல்லாம் வலி. அதைச் சொல்ல அவருக்குப் பேச்சும் இல்லை. காரணமில்லாமல் அழுதார். பக்கவாதத்துக்குப் பின் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும், அதற்கு மருந்து உண்டு என்பதே எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தோளுக்குத் தலையணை வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தது, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண்.

ஊனத்தை 0 முதல் 6 வரை மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள். 0 என்றால் குறையே இல்லை, 6 என்றால் மரணம். பெரும்பாலும் 90-வது நாளில் அளப்பார்கள். அன்று இவருக்கு 4, ஆள் பிடிக்காமல் நடக்க முடியாது. ஒரு வருடம் கழித்து வாக்கரைப் பிடித்துத் தானாகவே பாத்ரூம் போகிறார். அது 3. மூன்று மாதத்தோடு மருத்துவமனை எங்களை மறந்திருந்தது. காப்பீடும் குழாய் சிகிச்சைக்குக் கொடுத்தது, பிசியோதெரபிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் கைவிரித்தது.

கட்டி வராத நோயாளியின் வீட்டாரை உட்காரவைத்து, அரை மணி நேரம் தமிழில் பேசி அனுப்ப வேண்டும். ஆறாம் மாதமும் ஒரு வருடத்திலும் திரும்ப வரச் சொல்லித் தேதி தர வேண்டும். அப்புறம், உங்கள் நிருபர் அடுத்து இதைப் பற்றி எழுதும்போது எங்களைப் போன்ற ஒரு வீட்டுக்கும் வரட்டும். எதைக் கேட்டாலும் என் வீட்டுக்காரர் ‘சரி’ என்று மட்டும்தான் சொல்வார். மற்றதை நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.