555 நோட்டில் எழுதி வைத்த சுற்றுகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் தண்ணீர்மலைப் பக்கம் காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்கு ஜொகூருக்கு வேலை மாற்றம் வந்திருக்கிறது. வீடு கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது.

"இன்னுமா குத்துச்சண்டை பார்க்கிறாய்? எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதானே?" என்று கேட்டிருந்தாய். இதற்கு இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

கோலாலம்பூர்ச் செந்தூலில் கடைவீட்டு மாடியில் ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அங்கே போய்ப் பையன்களுக்குக் கைக்கட்டுப் போட்டுவிடுவேன், மணி அடிப்பேன். அங்கே பழகும் 17 வயதுப் பையன் ஒருவன் உள்ளூர்ப் போட்டி ஒன்றில் ஏறினான். நடத்தியது யார், எந்த மண்டபம் என்பதெல்லாம் வேண்டாம். மூன்று சுற்று. முதல் சுற்றில் கொஞ்சம் திணறினான். அடுத்த இரண்டிலும் இடது கையை நீட்டி நீட்டியே எதிராளியைக் கிட்ட நெருங்கவிடவில்லை. முடிந்ததும் மேடையில் இருந்த நடுவர் இரண்டு பையன்களின் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். நம் பையன் பாதி கையைத் தானாகவே தூக்கிவிட்டான். உயர்ந்தது மற்றவன் கை.

பின்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து வியர்வையில் ஊறிய கைக்கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். அவிழ்த்ததைக் கீழே போடாமல் தொடையில் வைத்து நேர்த்தியாக உருட்டினான். உருட்டி முடித்த பிறகு, "அங்கிள், நான் உண்மையிலேயே தோத்துட்டேனா?" என்று கேட்டான். 555 என்று அட்டை போட்ட என் சின்னக் குறிப்பு நோட்டில் அவனுக்கு இரண்டு சுற்று, மற்றவனுக்கு ஒன்று என்று எழுதியிருந்தேன். ஆனால் நான் உட்கார்ந்திருந்தது அவன் மூலைக்குப் பின்னால். அவன் குத்துகள் எல்லாம் என் கண்ணில் பட்டன. வாங்கிய குத்துகளில் எத்தனை என் கண்ணுக்குத் தப்பினவோ! அதனால் நோட்டை அவனிடம் காட்டவில்லை.

நீ கேட்டதும் அதுதானே, முடிவை விற்றுவிட்டார்களா, தெரியாமல் தவறிவிட்டார்களா? எனக்குத் தெரிந்தவரை இரண்டும் நடந்திருக்கிறது. அமெரிக்க வீரர் ஜேக் லமோட்டா 1947இல் பில்லி ஃபாக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றதாக 1960இல் அமெரிக்க செனட் விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் குத்துச்சண்டை வீரனையே மடக்க வேண்டியிருந்தது. இப்போது அவ்வளவு சிரமம் எதற்கு? பன்னிரண்டு சுற்றில் ஐந்தாறு சுற்று யாருக்கு வேண்டுமானாலும் போகும்படி இருக்கும். சுற்றை வென்றவனுக்கு 10 புள்ளி, மற்றவனுக்குப் பெரும்பாலும் 9. மேடைக்கு வெளியே உட்கார்ந்து புள்ளி போடும் மூன்று நடுவர்களில் இருவர் அந்த நெருக்கமான சுற்றுகளை ஒரே பக்கம் போட்டால் போதும். போட்டவரை யாரும் கேள்வி கேட்க முடியாது, "எனக்கு அப்படித்தான் தெரிந்தது" என்பார். நடுவரின் சம்பளமும் விமானச் செலவும் பெரும்பாலும் போட்டியை நடத்துகிறவர் பணத்திலிருந்து வருகிறது. அடுத்த பெரிய சண்டைக்குக் கூப்பிட வேண்டும் என்ற ஆசை எந்த மனிதனுக்கும் இருக்கும். யாரும் யாருக்கும் பண உறை கொடுக்கவே வேண்டாம், அந்த ஆசையே பாதி வேலையைச் செய்துவிடும். என்னை ஆத்திரப்படுத்துவது இதுதான்.

2012 ஜூன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நினைவிருக்கிறதா? நீ கோலாலம்பூர் வந்திருந்தாய். மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக் கிடக்க, லாஸ் வேகாஸில் பிலிப்பைன்ஸ் வீரர் பக்கியாவும் அமெரிக்கர் பிராட்லியும் போட்ட சண்டையைப் பார்த்தோம். என் நோட்டில் பக்கியாவுக்கு ஒன்பது சுற்று. நீ எட்டு என்றாய். அறிவித்தபோது இரண்டு நடுவர்கள் 115–113 என்று பிராட்லிக்குக் கொடுத்திருந்தார்கள். கடையில் ஒரு சத்தம் எழுந்ததே, மேசையெல்லாம் அதிர்ந்தது. பின்னால் அந்தப் பட்டத்தை நடத்தும் டபிள்யூ.பி.ஓ. அமைப்பே ஐந்து நடுவர்களைக் கூப்பிட்டுப் பதிவைப் பார்க்கச் சொன்னது. ஐந்து பேரும் பக்கியாவே ஜெயித்தார் என்றார்கள். ஆனால் முடிவு மாறவில்லை.

அதைவிட எனக்கு ஆறாத காயம் 1999 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த கனரக (ஹெவிவெயிட்) உலகப் பட்டச் சண்டை. லெனாக்ஸ் லூயிஸ் 348 குத்துகள் இறக்கினார், ஹோலிஃபீல்ட் 130. தீர்ப்பு சமன். ஐந்தாம் சுற்றில் லூயிஸ் அவரைக் கயிற்றோரம் தள்ளி அடித்ததை உலகமே பார்த்தது. அந்தச் சுற்றையும் ஹோலிஃபீல்டுக்கே கொடுத்தார் ஒரு நடுவர். அந்த நவம்பர் மறுசண்டையில் லூயிஸ் ஜெயித்து ஒரே கனரகச் சாம்பியன் ஆனார் என்பது உண்மை. ஆனால் முதல் சண்டை பார்த்தவர்கள் எத்தனை பேர் திரும்பி வரவில்லையோ.

பட்டங்கள் பெருகியதும் இதோடு சேர்ந்த கதைதான். உலகப் பட்டம் கொடுக்க நான்கு அமைப்புகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 17 எடைப் பிரிவுகள். லூயிஸுக்குப் பிறகு கனரகத்தில் ஒரே சாம்பியன் என்று சொல்ல 2024 மே வரை, உக்ரைனின் உசிக் பிரிட்டனின் ஃபியூரியை வெல்லும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நான்கு அமைப்புகளில் ஒன்றின் தலைவருக்குப் பணச்சலவைக்கும் வரி ஏய்ப்புக்கும் 22 மாதச் சிறை. தரவரிசையில் இடம் கொடுக்க லஞ்சம் வாங்கினார் என்றுதான் அந்த வழக்கே தொடங்கியது. 45 வருஷம் குத்துச்சண்டை காட்டிய அமெரிக்கத் தொலைக்காட்சி எச்.பி.ஓ. 2018 முடிவில் அதை நிறுத்திக்கொண்டது. ஆட்கள் வராமல் போனதற்குக் காலம் மாறியதும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பார்க்கிறவன் தன் கண்ணையே நம்ப முடியாத விளையாட்டுக்கு யார் பிள்ளையை அழைத்துப் போவார்கள்?

2018 ஜூலையில் பக்கியாவ் நம் புக்கிட் ஜாலிலுக்கே வந்தபோது போனேன். அர்ஜென்டினாவின் மத்தீசேயை ஏழாம் சுற்றில் நாக் அவுட். மூன்று முறை தரையில் உட்கார வைத்தார். அந்தப் பட்டத்திலும் சிக்கல் உண்டு, அதே எடையில் அதே அமைப்பிலேயே அதற்கு மேலே இன்னொரு சாம்பியன் இருந்தார். ஆனாலும் அன்றைக்கு மனம் லேசாக வெளியே வந்தேன். நோட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

நாம் முதன்முதலில் பார்த்த சண்டையும் அப்படித்தான், முகமது அலியும் ஜோ பக்னரும் மோதியது. 1975 ஜூலை 1, செவ்வாய்க்கிழமை, பள்ளிக்குப் பொந்தேங் அடித்துவிட்டு உன் மாமா வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் மெர்டேக்கா அரங்கத்தின் உச்சியில் உட்கார்ந்தோம். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகக் காலை வெயிலில் வைத்தார்கள். அலி கட்டைவிரல் உயரத்துக்குத்தான் தெரிந்தார். பக்னர் பதினைந்து சுற்றும் கையை முகத்துக்கு முன் வைத்து ஒதுங்கியே நின்றார். நல்ல சண்டை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி மணி அடித்ததும் ஜெயித்தது யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பக்கத்தில் கச்சான் தின்றுகொண்டிருந்த கிழவருக்கும் தெரியும். மூன்று நடுவர்களும் அதையேதான் சொன்னார்கள். வீடு திரும்பி அடி வாங்கியதுகூட எனக்கு வலிக்கவில்லை.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். பள்ளி விடுமுறையில் நான் அங்கே வருகிறேன், அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு. அவன் இன்னும் பயிற்சிக்கு வருகிறான், ஆனால் முன்போலச் சிரிப்பதில்லை. உன் மருமகனிடம் சொல்லி லூயிஸ், ஹோலிஃபீல்ட் முதல் சண்டையைத் தேடி வைக்கச் சொல். ஒலியை முழுக்க மூடிவிட்டு, மூன்று பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்காமல் எழுதுவோம். யார் யார் எந்தச் சுற்றில் வேறுபடுகிறோம் என்று அவனே கூட்டிப் பார்க்கட்டும். அப்புறம் அவன் சண்டையின் பதிவையும் போட்டுப் பார்ப்போம். அவன் அம்மா கைப்பேசியில் எடுத்தது இருக்கிறது, எதிர் மூலையிலிருந்து எடுத்தது.

மூன்று புது 555 நோட்டு நான் வாங்கி வருகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் செந்தூல் நண்பன்