சங்கருக்கு, பெங்களூர் ஸ்ரீராம்புரத்துலேர்ந்து

டேய் சங்கரு,

நல்லாருக்கியா, தங்கச்சி நல்லாருக்காளா, அம்மா முட்டி வலி எப்படி, எல்லாத்துக்கும் நீயே ஒரு பதில் போட்டுக்க. உயிரோட இருக்கானா போயிட்டானான்னு குரூப்ல கேட்டிருந்தியாம், குமரேசன் சொன்னான். இருக்கேன். வேலை மாறிட்டேன், அதான் இவ்ளோ நாள் சத்தத்தக் காணோம்.

பழைய கம்பெனில ஆளக் கொறைச்சாங்க, எங்க டீம் மொத்தமும் காலி, அந்தக் கதைய நேர்ல சொல்றேன், இப்ப எழுதுனா பி.பி. ஏறும். இப்ப பாக்குற வேலையக் கேட்டா நீ சிரிப்ப. ஒரு சைக்காலஜி மேடம், ஜெயநகர்ல சின்ன ஆபீஸ், அப்பா அம்மா புள்ளைங்கள அடிக்கிறது எங்க ஆரம்பிக்குது, கை மீறிப் போறதுக்கு முன்னாடி அத எப்படி தடுக்கிறதுன்னு ஆராய்ச்சி பண்றாங்க. இங்க எங்க ஏரியா, அல்சூர், ஆஸ்டின் டவுன்னு தமிழ்க் குடும்பங்க நெறைய இருக்கில்ல, அவங்ககிட்ட எடுத்த பேட்டிய ஹெட்போன்ல கேட்டு டைப் அடிக்கணும், அதான் என் வேலை. ஸ்ரீராம்புரத்துல மெட்ரோ ஏறினா ஜெயநகர்ல எறங்கிக்கலாம், ஒரே லைன். சம்பளம் பழசுல பாதி, தலைவலி அதவிட ரொம்ப கம்மி. மேடம் எப்படின்னு கேப்பியே, அவங்களுக்கு அறுபது தாண்டியாச்சு, அடங்கு.

யார் வீட்டுக் கதையையும் வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், அதனால பேட்டிலேர்ந்து ஒரு வரி வராது. ஆனா இந்த வேலைக்காகப் படிச்சது, மேடம் டீ குடிக்கும்போது பேசறது எல்லாம் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்குடா.

புள்ளைய காயம் வர்ற அளவுக்கு அடிக்கிறவன்னா குடிகாரனா இருப்பான், கிறுக்கனா இருப்பான்னு தானே நம்மெல்லாம் பேசிக்குவோம்? பெரும்பாலும் அப்படி இல்லையாம். திருத்தறதுக்குன்னு போடுற ஒரு தட்டுலதான் ஆரம்பிக்குதாம். அமெரிக்கால ஒரேகான்ல ஜெரால்டு பேட்டர்சன்னு ஒருத்தர், வீட்டுக்கு வீடு ஆள அனுப்பி ஒரு ஓரமா ஒக்கார வச்சு, சில செகண்டுக்கு ஒருதரம் யாரு என்ன பண்ணாங்கன்னு குறிக்க வச்சிருக்காரு. அவர் கண்டுபிடிச்சது இதான். அம்மா டிவிய ஆஃப் பண்ணுங்கறா, பய கத்தறான், அம்மா எக்கேடோ கெட்டுப் போன்னு விட்டுடறா, கத்தினா நம்ம காரியம் ஆகும்னு பயலுக்குப் பாடம். மறுநாள் அம்மா அவனுக்கு மேல கத்தறா, அவன் அடங்கறான், கத்தினா அடங்குவான்னு அம்மாவுக்குப் பாடம். அதுக்கப்புறம் ஏலம் மாதிரிதான், நேத்து கேட்ட வெலைக்கு இன்னிக்கு கெடைக்காது, கொஞ்சம் ஏத்தணும், சத்தம், அப்புறம் கை, அப்புறம் கைக்குக் கெடைச்ச ஸ்கேலு. அந்த ஸ்கேல்கிட்ட போய் நிப்போம்னு யாரும் பிளான் பண்ணிப் போறதில்ல.

இதுக்கு ஒரு வைத்தியம் வச்சிருக்காங்க பாரு, அதக் கேட்டுத்தான் நான் விழுந்து விழுந்து சிரிச்சேன், அப்புறம் என்னையவே அதுல மாட்டி விட்டுட்டாங்க. பேரு பி.சி.ஐ.டி., பேரன்ட்-சைல்டு இன்டராக்ஷன் தெரபிங்கறதோட சுருக்கம், ஷீலா ஐபர்க்னு ஒரு அம்மா 1970கள்ல ஆரம்பிச்சது, ரெண்டு வயசுலேர்ந்து ஏழு வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு. வகுப்பு எடுக்கறது, அறிவுரை சொல்றதுன்னு எதுவும் இல்ல. அப்பனும் புள்ளையும் ஒரு ரூம்ல வெளாடணும், அப்பன் காதுல ஒரு மிஷின், அடுத்த ரூம்லேர்ந்து பாத்துட்டே காதுக்குள்ள சொல்லிக் குடுப்பாங்க. மேடம் அத தமிழ்ல எப்படி சொல்றதுன்னு ஒத்திகை பாக்கணும், அப்பன் வேஷத்துக்கு ஆள் வேணும், ஆபீஸ்ல இருந்த ஒரே ஆம்பள நான். புள்ளையா அக்கவுன்ட்ஸ் பாக்குற அக்காவோட அஞ்சு வயசுப் பொடியன்.

தரைல ஒக்காந்தாச்சு, மரக்கட்டைய கொட்டியாச்சு. விதி மூணுதான், கேள்வி கேக்கக்கூடாது, இதப் பண்ணு அதப் பண்ணுன்னு சொல்லக்கூடாது, கொறை சொல்லக்கூடாது. இதென்ன பெரிய விஷயம்னு நெனச்சேன். வாயத் தொறந்தா கேள்விதான்டா வருது! இது என்ன கலரு, என்ன கட்டற, வீடா, கோயிலா? காதுல மேடம் "கேள்வி… மறுபடி கேள்வி… அவன் என்ன பண்றானோ அத மட்டும் சொல்லுங்க"ங்கறாங்க. சரின்னு "நீலக் கட்டைய பச்ச மேல வைக்கிற"ன்னு சொன்னேன், எனக்கே கூச்சமா இருந்துச்சு. அவன் தலையத் தூக்கி என்னைய ஒரு பார்வ பாத்தான், இந்த மாமாவுக்கு என்னாச்சுன்னு. கொஞ்ச நேரத்துல ஒரு கட்டைய என் மூஞ்சி மேல விட்டெறிஞ்சான், நமக்கு ரத்தம் கொதிக்குது, காதுல "பேசாதீங்க, பாக்காதீங்க, நீங்க பாட்டுக்கு கட்டுங்க"ன்னு வருது. பல்லக் கடிச்சுட்டு கட்டினேன். தானா பக்கத்துல வந்து ஒண்ணெடுத்து வச்சான். "இப்பச் சொல்லுங்க"ன்னாங்க. "மெதுவா வைக்கிறியே, அதான் விழாம நிக்குது, சூப்பர்டா"ன்னேன். இந்தா நீயும் வையின்னு ஒரு கட்டைய என் கைல குடுத்தான் பாரு, எனக்கு பேச்சே வரல.

அஞ்சு நிமிஷத்துல இந்த மாதிரி பத்து பாராட்டு வரணும், அப்பத்தான் அடுத்த கட்டம், அங்கதான் எப்படி ஒரே ஒரு கட்டளைய தெளிவா போடறது, கேக்கலேன்னா அடிக்காம என்ன பண்றதுன்னு வரும். ஆனா நம்மாளுங்களுக்கு பாராட்டறதுதான் கஷ்டம். எங்கம்மாவையே எடுத்துக்க, புள்ளைய யாராவது சமத்துன்னு சொன்னா போதும், அன்னிக்கு சாயங்காலமே உப்பு மொளகா சுத்தி அடுப்புல போட்டாகணும். மேடம் கெட்டிக்காரி, புள்ளையப் பாராட்ட வேணாம், புள்ளை செஞ்ச வேலையப் பாராட்டுங்க, கண்ணு பட்டா வேலை மேல படட்டும்ங்கறாங்க.

நீ என்ன சொல்லப் போறேன்னு தெரியும். வெளாட்டு வெளாடினா அடிக்கிறவன் திருந்திடுவானா? நானும் அதான் கேட்டேன். அதே அமெரிக்கால ஓக்லஹோமால மார்க் சாஃபின் குழு 2004ல வெளியிட்ட ஒரு ஆய்வக் குடுத்தாங்க. புள்ளைய அடிச்சு ஏற்கெனவே கேஸாகி வந்த 110 பேரு. யாருக்கு எதுன்னு குலுக்கல்ல பிரிச்சு, சில பேருக்கு இந்த காது மிஷின் பயிற்சி, சில பேருக்கு அங்க வழக்கமா நடத்தற பெற்றோர் வகுப்பு. ரெண்டு வருஷத்துக்கு மேல கவனிச்சதுல, வகுப்புக்குப் போனவங்கள்ல 49 சதவீதம் பேர் மேல திரும்ப அடிச்சதா புகார், பயிற்சிக்கு வந்தவங்க மேல 19. பயிற்சியோட இன்னும் பல வசதியும் சேத்துக் குடுத்த குரூப்பு ஒண்ணு இருந்துச்சு, அதுல கூடுதலா ஒண்ணும் கெடைக்கல. 19ங்கறதும் சின்ன நம்பர் இல்லதான். ஆனா அடிச்ச கை அடிச்சுக்கிட்டேதான் இருக்கும்னு இல்ல பாத்தியா.

நம்ம ஊருக் கணக்கு தெரியுமா, 2007ல மத்திய அரசே 13 மாநிலத்துல 12,447 புள்ளைங்களக் கேட்டு எடுத்தது. மூணுல ரெண்டு புள்ளை அடி வாங்கினதா அதுல வந்துச்சு. வீட்டு ஆளுங்ககிட்ட அடி வாங்கினதுல 88.6 சதவீதம் அப்பா அம்மாகிட்ட.

நீ பள்ளி மேலாண்மைக் குழுல இருந்துக்கிட்டு குட் டச் பேட் டச் கூட்டம் போட்டேன்னு பெருமையா வாய்ஸ் நோட் அனுப்பிருந்தல்ல, நல்ல காரியம், வேணாம்னு சொல்லல. ஆனா எனக்கு ஒரு எரிச்சல், பெரியவங்க எல்லாம் பின்னாடி ஒக்காந்து கை தட்டறோம், பாதுகாப்பு பூராத்தையும் ஒண்ணாங் கிளாஸ் புள்ளை தலைல கட்டிட்டு வீட்டுக்கு வந்துடறோம். ஏதாவது நடந்தா அப்பாகிட்ட வந்து சொல்லுன்னு சொல்லிக் குடுக்கறீங்க இல்ல, பால் கொட்டினதுக்கே அடி விழுற வீட்டுல எந்தப் புள்ளைடா வந்து சொல்லும்?

இப்ப நான் எங்க வரேன்னு உனக்குப் புரிஞ்சிருக்கும். கோவப்படு, பரவால்ல.

பொங்கலுக்கு வந்தப்ப சின்னவன் பால் டம்ளர உன் போன் மேல கவுத்தான். நீ ஸ்கேல எடுத்த. தங்கச்சி உள்ளேர்ந்து ஓடி வந்தா, அதுக்குள்ள ரெண்டு விழுந்துடுச்சு. "வேணும்னே பண்றான்டா இவன்"ன்னு என்கிட்ட சொன்ன. எனக்கு அந்த வார்த்தை அப்ப ஒண்ணும் தோணல. இப்ப ஜோயல் மில்னர்னு ஒருத்தர் எழுதினதப் படிக்கும்போது திக்குன்னு ஆச்சு, அடிக்கிற அப்பா அம்மாகிட்ட அடிக்கடி பாக்கறது இதத்தானாம், கை ஓங்கறதுக்கு முன்னாடியே உள்ள ஒரு தீர்ப்பு, வேணும்னே பண்றான், என்னைய மதிக்கல. அவனுக்கு ஆறு வயசுடா. அந்த டம்ளர் உங்க தாத்தா காலத்து பித்தள டம்ளரு, எனக்கே கனக்குது.

நாமளும் அடி வாங்கித்தான் வளந்தோம், முருங்கைய ஒடிச்சு வளக்கணும்னு ஆரம்பிக்காத. கெர்ஷாஃப்னு ஒரு ஆராய்ச்சியாளரும் இன்னொருத்தரும் சேந்து 2016ல 75 ஆய்வ, ஏறக்குறைய ஒரு லட்சத்து அறுபதாயிரம் புள்ளைங்க கணக்க ஒண்ணா வச்சுப் பாத்தாங்க, அதுவும் பெல்ட்டு கம்பு இல்ல, சும்மா கையால தட்டறது மட்டும். அடி வாங்கினதுனால புள்ளை ஒழுங்காச்சுன்னு ஒண்ணும் தேறல, முரட்டுத்தனமும் மன உளைச்சலும்தான் கூட வருது. அத விடு. பத்தாவது லீவுல எங்க வீட்டு மொட்டமாடில படுத்துக்கிட்டு உங்கப்பாவப் பத்தி நீ என்ன சொன்னன்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஊர்ல வேற எவனா இருந்தாலும் நான் இத எழுதியிருக்க மாட்டேன்.

அறிவுரை இல்ல, ஒரு வேலை தரேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம், போன வேற ரூம்ல வச்சுட்டு, அவனோட தரைல ஒக்காரு. அன்னிக்கு சேட்டை பண்ணியிருந்தாலும் அந்த அஞ்சு நிமிஷம் உண்டு, தண்டனையா அத புடுங்கக்கூடாது, அதுதான் முக்கியம். கேள்வி கேக்காத, திருத்தாத, அவன் பண்றதச் சொல்லு. தங்கச்சி பக்கத்துல நின்னு சிரிப்பா, சிரிக்கட்டும். கோவம் தலைக்கேறினா அந்த எடத்த விட்டு வெளிய போ, கொல்லைப் பக்கம் போய் என்னையக் கூப்பிட்டுத் திட்டு, நான் வாங்கிக்கறேன். இன்னும் யார்கிட்டயாவது கேக்கணும்னா பெங்களூர் வா, நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில குழந்தைகளுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன், வெக்கப்பட ஒண்ணுமில்ல.

குமரேசன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் மட்டும்தான் வரேன், என் வீட்டுக்காரிக்கு லீவு கெடைக்கல. மொய்ய நீ சேத்து எழுதிடு, வந்து தரேன், பழைய கணக்க அதுல கழிக்காத. போன் பண்றதா இருந்தா ஒம்பது மணிக்கு மேல பண்ணு, அதுக்கு முன்னாடி காதுல ஹெட்போன்தான் இருக்கும்.

உன்
பாலு